காலி எடை

மழை பெய்த மறுநாள்
ஊர்க் குப்பைக்குக் கனம் கூடிவிடும்.
வெயிலில் ஐந்து டன் காட்டும் லாரி
அன்றைக்கு ஏழு காட்டும்.
ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி நடராசு
மேகத்தைப் பார்த்துக் கும்பிடுவார்.
டன்னுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
தண்ணீருக்கும் அதே விலைதான்.

திருப்பூருக்குத் தெற்கே
கல்லெடுத்துக் கைவிட்ட பாறைக்குழி ஓரம்
எடைமேடையில் எனக்கு வேலை.
தகர அறை, ஒரு மின்விசிறி, சிவப்பு எண்கள்.
லோடு எடை, காலி எடை,
கழித்தால் வருவது.
இந்த மூன்றையும் அச்சடித்துக் கிழித்துக் கொடுத்தால்
மாசம் பதினோராயிரம்.

என் வீட்டுக்கும் ரசீது வந்தது.
சொத்து வரி, கீழே தண்ணீர்,
அதற்கும் கீழே பொடி எழுத்தில்
திடக்கழிவுக் கட்டணம்.
எதிர்வீட்டு மோகனசுந்தரம்
ரசீதைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.
"ஏனுங்க, குப்பையும் நம்மளே குடுக்கோணும்,
காசும் நம்மளே குடுக்கோணுமா?"
சீர்த்தட்டு எடுத்துக் கொடுத்தவர் மாதிரி
அந்தக் 'குடுக்கோணும்'.

அவர் மனைவி
பச்சைக் கூடையில் தோல், நீலக் கூடையில் பாட்டில் என்று
தவறாமல் பிரித்து வைக்கிறவர்.
தெருமுனை வரைக்கும் அது பிரிந்தே போகும்.
அங்கே நிற்கும் லாரிக்கு ஒரே வாய்.
பிரித்தால் எடை குறையும்.
எடை குறைந்தால் பில் குறையும்.
இதை அந்த அம்மாவிடம் நான் சொன்னதில்லை.

ஐப்பசியில் ஒருநாள்
பொங்கலூர்ப் பக்கமிருந்து டிராக்டரில் ஒருவர் வந்தார்.
மேடைமேல் நிறுத்திவிட்டு
"ஒரு லோடு குப்பை என்ன வெலைங்க?" என்றார்.
எங்கள் பக்கம் குப்பை என்றால் எரு.
'காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சா?' என்று கேட்டால்
யாரும் மூக்கைப் பொத்துவதில்லை.
என் கணினியில்
உள்ளே வருவதற்குத்தான் கட்டம் இருக்கிறது,
வெளியே போவதற்கு இல்லை.
அவரே இறங்கிப் போய்க் குச்சியால் கிளறினார்.
வாழையிலை, புளித்த சோறு,
கட்டிங் வேஸ்ட், ஊசி, பேம்பர்ஸ்,
பாதரசம் போன கண்ணாடித் துண்டு.
"சோத்தை மட்டும் தனியா வெச்சிருந்தா
ரெண்டாயிரம் குடுத்திருப்பனுங்க."
கையைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இதெல்லாம் பெரிய கணக்கு.
மாநகராட்சியில் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.
எனக்கு இடித்தது வேறொன்று.

தார்ப்பாய் பறந்துவிடாமல்
லாரி மேலேயே உட்கார்ந்து வருவார்கள்
பழனாத்தாளும் சரசாளும்.
லோடு எடைக்கு இறங்கக் கூடாது என்று உத்தரவு.
கொட்டிய பின்
குழியிலிருந்து நடந்தே மேலே வருவார்கள்.
காலி எடையில் அவர்கள் இல்லை.
கழித்துப் பாருங்கள்,
இரண்டு பேரும் குப்பையில் இருப்பார்கள்.

சரசாள் ஐம்பத்திரண்டு கிலோ.
ஒரு நடைக்கு நூற்று முப்பது ரூபாய்.
நாலு நடைக்கு ஐந்நூற்று இருபது.
விடியுமுன் வந்து
பெருக்கி அள்ளி ஏற்றியதற்கு
பிடித்தம் போக அவள் கைக்கு நானூற்று எண்பது.
இந்தக் கணக்கை
டீ வாங்கிவந்த காகிதத்தின் பின்னால் போட்டேன்.
போட்டுவிட்டு
டீயைக் குடிக்க மறந்துவிட்டேன்.

நேற்று ஜன்னலைத் திறந்து
"எறங்குங்கக்கா, எடை போடோணும்" என்றேன்.
நடராசு என்னைப் பார்த்தார்.
டிரைவர் எஞ்சினை அணைத்தார்.
பழனாத்தாள் மேலிருந்தே கேட்டாள்:
"ஏந்தம்பி, நாங்க அத்தன கனமாவா இருக்கறோம்?"
டயரில் ஒரு கால் வைத்து
முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.
நாலு நடையும் இப்படி ஏறி இறங்கணுமா என்று
சரசாள் என்னைத்தான் திட்டினாள்.
சிவப்பு எண்ணில் நூறு குறைந்தது.
இருநூற்று ஐம்பது ரூபாய். அவ்வளவுதான்.

இன்று விடியற்காலை நல்ல மழை.
முதல் லாரியிலேயே
போனது எல்லாம் திரும்பி வந்துவிட்டது.
நடராசு என்னைப் பார்த்துச் சிரித்தார், பகையில்லாமல்.
நான் சொல்லுமுன்பே இறங்கிய சரசாள்
மேடை ஓரத்தில் நின்று
முந்தானையை முறுக்கிப் பிழிந்தாள்.
தண்ணீர் இரும்பின்மேல் சொட்டியது.
எண் மாறவில்லை.